இடது காது

இடது இயர்பட் ஈரமாக இருந்தது.

கஸ்தூரி அதை விரல் நுனியில் வைத்துப் பார்த்தாள். ரப்பரில் கரும்பழுப்பாக அழுக்கு, இன்னும் காயவில்லை. புளித்த வாடை வேறு. இந்த இடதை அவள் போடுவதே கிடையாது. இரவெல்லாம் தொழிற்சாலையில் நின்றுவிட்டுப் பகலில் தூங்குகிறவள். பெர்மாஸ் ஜெயா அடுக்குமாடியில் மேல்வீட்டுக்காரன் சுவரைத் துளைக்கும் சத்தமும், கீழே ஐஸ்கிரீம்காரன் மோட்டார் சைக்கிள் மணியும், பக்கத்து வீட்டுச் சண்டையும் சேர்ந்தால் யாருக்குத் தூக்கம் வரும்? அதனால் வலது காதில் மட்டும் மழைச் சத்தத்தைக் குறைவாக வைத்துக்கொண்டு படுப்பாள். இடது காது லோஷினிக்கு. பள்ளி விட்டு வந்த சின்னப்பிள்ளை கூப்பிட்டால் கேட்க வேண்டாமா? கணவன் சிங்கப்பூர் வேலையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். அதுவரை, இரவில் பாட்டி வீட்டில் படுக்கும் பிள்ளைக்குப் பகலில் அந்த ஒரு காதுதான் காவல்.

“லோஷினி, இத நீ எடுத்தியா?”

டிவி பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை திரும்பவே இல்லை. “இல்லம்மா.”

“பொய் சொல்லாத லா. ஒருத்தர் காதுல போட்டத இன்னொருத்தர் போட்டா சீழ் வைக்கும்னு டாக்டர் சொன்னாங்கதானே?”

“நான் எடுக்கல லா!”

ஜன்னல் வெளிச்சத்தில் பிள்ளையின் இரண்டு காதையும் திருப்பிப் பார்த்தாள். சுத்தமாக, காய்ந்துதான் இருந்தன. வாசல் கிரில் கதவில் பூட்டு உள்பக்கம் பூட்டியபடியே தொங்கியது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

ரப்பரைக் கழற்றித் துடைத்தாள். காய்ந்த பிரஷால் இயர்பட் வாயிலிருந்த சின்ன வலையைத் தட்டினாள். டப்பியில் வைத்து மூடினாள். முகம் கழுவி வந்து, மனசு கேட்காமல் மறுபடியும் திறந்தாள்.

ஈரம். சூடும்கூட. அப்போதுதான் ஒரு காதிலிருந்து எடுத்த சூடு.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடலாம் என்று தோன்றியது. கால் வரவில்லை. முந்தின நாளும் சரியாகத் தூங்கவில்லை. பயமாகத்தான் இருந்தது, ஆனால் அசதி பயத்தை விடப் பெரிதாக இருந்தது. இடதை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். மேலே துளைக்கும் சத்தம் மண்டைக்குள் இறங்கியது. வலதை மாட்டிக்கொண்டாள்.

“ஏதாச்சும்னா சத்தமா கூப்பிடு, கண்ணு. அம்மாவுக்குக் கேக்கும்.”

விழித்தபோது மழை.

ஜன்னலில் வெயில். மழை இரண்டு காதிலும் பெய்தது.

அறை வாசலில் லோஷினி நின்றாள். வாய் அகலத் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கன்னமெல்லாம் கண்ணீர். எவ்வளவு நேரமாகக் கத்துகிறாளோ, பாவம்.

ஒன்றும் கேட்கவில்லை.

பிள்ளை அவளைப் பார்க்கவில்லை. தலையணைக்கு இடப்பக்கம் பார்த்தாள்.

மழை கூடியது.

கஸ்தூரி இடது காதில் இருந்ததைப் பிடுங்கக் கையைக் கொண்டுபோனாள். இயர்பட் அகப்படவில்லை. அதை உள்ளே அழுத்திக்கொண்டு, அங்கே ஏற்கனவே ஒரு விரல் இருந்தது.