நரிப்பள்ளத்தில் கிடந்த ஜீப்

இப்போதெல்லாம் யாரும் எதையும் கையால் தொட்டுப் பார்ப்பதில்லை. எவனோ வண்டி கட்டுவதைப் போனில் பார்த்துவிட்டு, தாங்களே கட்டி முடித்ததுபோலப் பேசுகிறார்கள். கேட்டால் லட்சம் பேர் பார்த்தார்களாம். பார்த்தால் இரும்பு ஒட்டிக்கொள்ளுமா?

திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் லாரிகளுக்குப் பாடி கட்டியே கை காய்த்துப்போன அர்த்தநாரிக்கு இந்த எரிச்சல் தீரவே இல்லை. அவருடைய தம்பி மகள் கோகிலவாணி, வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் போனைப் பார்த்துப் பார்த்து ஒரு வண்டி கட்டிக்கொண்டிருந்தாள். பழைய இன்ஜின், ஆள் இடுப்பளவு டயர், மேலே பைப்பை வளைத்துச் செய்த கூண்டு. கதவும் கிடையாது, கண்ணாடியும் கிடையாது. பாறைமேல் பல்லி மாதிரி ஏறுமாம்!

"கொசுவலை கட்டக் கம்பி நட்ட மாதிரி இருக்குது. கவுந்தா தலை தப்புமா?" என்றார் அர்த்தநாரி.

"மேல கனம் ஏறுனாத்தான் கவுழும் பெரியப்பா. நீங்க கட்டறது லாரி. இது பாறையில ஏறோணும்."

விளையாட்டுக்காக அவள் அதைக் கட்டவில்லை. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது, அவளுடைய அப்பா நாச்சிமுத்து கொல்லிமலைக்கு மாவு மில் பழுது பார்க்கப் போனார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கிய ஜீப்பில்தான் போனார். திரும்பவில்லை. "ஜீப்ப வித்துத் தின்னுட்டு எவளோடயோ ஓடிட்டான்" என்று ஊரில் முதலில் சொன்னவர் அர்த்தநாரி. அன்றிலிருந்து கோகிலவாணியின் அம்மா ருக்மணிக்கு 'ஓடிப்போனவன் பொண்டாட்டி' என்றுதான் பெயர்.

இந்தக் கோடையில், கொல்லிமலையில் தேன் எடுக்கும் சடையன் வந்து ஒரு சேதி சொன்னான். நரிப்பள்ளத்தில், பாறை இடுக்கில், மண்ணுக்கு வெளியே ஒரு ஜீப் சக்கரம் தெரிகிறது! அந்தப் பள்ளத்தில் முன்பு மண்பாதை இருந்தது. வெள்ளத்தில் அடித்துப்போய் இப்போது பாறை மட்டும்தான். நடந்து போகலாம், ஆனால் ஜீப்பை வெளியே இழுக்கக் கயிறு சுற்றும் வின்ச் வேண்டும். வின்ச்சைச் சுமந்துகொண்டு பாறை ஏற ஒரு வண்டி வேண்டும். அதற்குத்தான் இந்தக் கூண்டு.

"நானும் வாரேன். எவன் ஜீப்போ கெடக்குது. அதையும் பாத்துட்டு வந்தர்லாம்" என்று ஏறி உட்கார்ந்தார் அர்த்தநாரி.

பள்ளத்தின் வாயிலேயே கோகிலவாணி இறங்கி நான்கு டயரிலும் காற்றைப் பாதிக்குமேல் இறக்கினாள். டயர் சப்பையாகிப் பாறையைக் கவ்விக்கொண்டது. இன்ஜின் உறும, வண்டி ஆமைபோல ஊர்ந்தது. ஒரு பாறை! அடுத்த பாறை! முன்சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. பின்சக்கரம் தள்ளியது. ஏறிவிட்டது!

"பாத்தீங்களா பெரியப்பா!"

"இன்னும் முடியல. வாய மூடிட்டு ஓட்டு."

மூன்றாவது திருப்பத்தில் சாய்ந்த பலகைப் பாறை. முன்னால் நடந்த சடையன் கையை ஆட்டினான். "அம்மிணி, எடப்பக்கம் போகாத! வழுக்கும்!"

அவள் வலப்பக்கம்தான் ஒடித்தாள். ஆனாலும் வண்டி மெதுவாக இடப்பக்கம் சாய்ந்தது. சாயக்கூடாத இடத்தில் சாய்ந்தது! கீழே தென்னை உயரப் பள்ளம். சடையன் பாய்ந்து வின்ச் கயிற்றை இழுத்து அத்திமரத்தில் சுற்றினான். கயிறு விறைத்தது. வண்டி இரண்டு சக்கரத்தில் நின்று நடுங்கியது. இருவரும் குதித்தார்கள்.

கோகிலவாணி கூண்டின் மேல் பைப்பைத் தட்டிப் பார்த்தாள். உள்ளீடற்ற பைப் கணகணவென்று பேச வேண்டும். இது ஊமையாக இருந்தது.

"உள்ள என்ன இருக்குது?"

அர்த்தநாரி மலையைப் பார்த்தார். "கம்பி. நீ டயர் வாங்கப் போனப்ப சொருகி அடைச்சேன். வெறும் பைப்ப நம்பி உன்னைய அனுப்பச் சொல்றியா?"

"மேல அத்தனை கனத்த வெச்சா கவுழாம என்ன செய்யும்!"

"கவுந்தா தலை தப்பும்ல?"

"நீங்க வெச்ச கனத்துலதான் பெரியப்பா கவுழுது!"

இரும்பு அறுக்கும் பேட்டரி கிரைண்டரை எடுத்தாள். பொறி பறக்க மேல்கூண்டை அறுத்து வீசினாள். கம்பியும் பைப்புமாகப் பள்ளத்தில் உருண்டு ஓடின. வின்ச்சைச் சுற்றவிட்டு வண்டியை நிமிர்த்தினாள். அதன்பின் வண்டி ஒருதரம்கூடத் தடுமாறவில்லை. அதை அர்த்தநாரி கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

சடையன் சொன்ன இடத்தில் சக்கரம் இருந்தது. முள்ளை வெட்டினார்கள், கயிற்றை மாட்டினார்கள், வின்ச் முனகியது. மண் பிளந்து அந்த ஜீப் வெளியே வந்தது. பச்சை நிறம். அர்த்தநாரி அன்று தன் கையால் வைத்த பம்பர். விற்கப்படாத ஜீப்! ஸ்டீயரிங் சீட்டோடு நசுங்கிக் கிடந்தது. ஓட்டியவரை வெள்ளம் விட்டுவைக்கவில்லை.

பின்சீட்டுக்கு அடியில் கம்பியால் கட்டிய ஏதோ ஒன்று. சடையன் மண்ணைத் தட்டினான். மெல்லிய பைப்பில் செய்த நடைவண்டி. சக்கரத்துக்குப் பதில் மூன்று பேரிங். இரண்டு இறுகிப்போயிருந்தன. மூன்றாவதைக் கோகிலவாணி விரலால் தட்டினாள். கறக் என்று சுற்றியது.

அர்த்தநாரி பைப் சேரும் இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். நாச்சிமுத்து இடக்கைக்காரன். அவன் வெல்டிங் எப்போதும் எதிர்ப்பக்கம் படியும். இதுவும் அப்படித்தான் படிந்திருந்தது.

"யாரு வெல்டிங் பெரியப்பா?"

"எல்லா வெல்டிங்கும் மாதிரி ஒரு வெல்டிங்" என்று கையை எடுத்துக்கொண்டார்.

நடைவண்டியை வண்டியின் முன்னால் கட்டிக்கொண்டு அவர்கள் ஊருக்குள் வந்தபோது தெருவே கூடிவிட்டது. ஆளுக்கொரு போனை நீட்டினார்கள். ருக்மணி யாரையும் பார்க்கவில்லை. நடைவண்டியின் பிடியைப் பிடித்து ஒருமுறை தள்ளினாள்.

"புள்ள எந்திரிச்சு நிக்கறா, மில்லு வேலைக்கு எடையில நடவண்டி பண்ணிக் கொண்டாரேன்னு சொல்லிட்டுத்தானுங்க போனாரு. நான் சொன்னத யாரு காதுல போட்டீங்க?"

பக்கத்து வீட்டுப் பொன்னம்மா அர்த்தநாரியிடம் கேட்டேவிட்டாள். "இப்ப என்ன சொல்றீங்ணா?"

"எந்தக் கொழந்தைக்குன்னு அதுல எழுதியா இருக்குது?" என்றார் அர்த்தநாரி.

"எழுதியிருந்தாலும் நீங்க படிக்க மாட்டீங்க பெரியப்பா" என்றாள் கோகிலவாணி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கிரீஸ் டப்பாவைத் திறந்து இறுகிய சக்கரங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அர்த்தநாரி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நடந்தார். கறக் கறக் என்ற சத்தம் தெருமுனை வரைக்கும் அவர் பின்னால் கேட்டது. அவர் திரும்பவில்லை.

"பேரிங் எல்லாக் கடையிலயும்தான் கெடைக்குது" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.