திறப்பு அவை

பதினோரு மணிச் சங்கு ஊதியதும் ஊர் வேலையை நிறுத்திக்கொண்டது. தூக்குவாளியும் விசிறியுமாக மக்கள் அரசு கட்டிய குளிர்க்கூடங்களுக்குள் நுழைந்தார்கள். மாலை நான்கு வரை வெளியே தலைகாட்ட முடியாது. பத்து ஆண்டுகளாக வெயில் அப்படி. ஆனால் அன்று மூன்றாம் கூடத்தில் யாரும் பாய் விரிக்கவில்லை. அங்கே திறப்பு அவை கூடியிருந்தது.

நொடித்துப்போன அரசுத் திட்டம் எதையும் மீளமைப்பதற்கு முன் இப்படி ஓர் அவை கூட வேண்டும் என்பது சட்டம். அங்கே சொல்லும் உண்மைக்காக யாரையும் தண்டிக்க முடியாது. மறைத்தால்தான் குற்றம். அவையை நடத்தும் ஏஐக்கு அவைக்கணி என்று பெயர். அது ஒரே கேள்விதான் கேட்கும்.

"கூடங்கள் குளிரவில்லை என்று உங்களுக்கு எப்போது தெரியும்?"

மாவட்டக் கண்காணிப்பு அதிகாரி ஜெசிந்தா எழுந்தாள். மேடையில் மற்ற அதிகாரிகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொன்னால் ஒன்றும் ஆகாது என்கிறார்களே, பிறகு ஏன் இந்தப் பயம்? அவளுக்கே விளங்கவில்லை.

"ரெண்டு வருஷமா தெரியும்," என்றாள். "திரையில எல்லாக் கூடமும் குளிர்ந்திருக்குன்னு பச்சை காட்டுச்சு. நேர்ல வந்தா வேர்த்துச்சு. எழுதுனா தரவரிசையில என் மாவட்டம் கடைசி இடத்துக்குப் போயிரும்னு விட்டுட்டேன்."

கூச்சல் எழும் என்று காத்திருந்தாள். எழவில்லை. அந்தக் கூடத்தின் பொறுப்பாளர் இருளப்பன்தான் எழுந்தார்.

"வெப்ப உணரி மேல ஈரத்துணி போட்டது நான்தான் மேடம். பச்சை காட்டலைன்னா ஆள மாத்திருவோம்னு மேலிடத்துல சொன்னாங்க."

அவருக்குப் பின் இன்னொருவர், அப்புறம் நால்வர். எல்லாவற்றையும் பதிந்துகொண்ட அவைக்கணி, திட்டத்தை முதலிலிருந்து தொடங்கலாம் என்று அறிவித்தது. யாரோ கைதட்டினார்கள். மகிழ்வதா, வெட்கப்படுவதா என்று தெரியாமல் ஜெசிந்தாவும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தினாள்.

கடைசி வரிசையில் சண்முகத்தாய் எழுந்தாள். ஐம்பது வயதிருக்கும்.

"போன சித்திரையில எங்க வீட்டுக்காரரு இங்கதான் வந்து படுத்தாரு. வாசல்ல பச்சை விளக்கு எரியுதுன்னு நம்பி வந்தாரு. எந்திரிக்கவே இல்ல. இப்ப எல்லாரும் உண்மையச் சொல்லிட்டீக. நான் யாரக் கோவிச்சுக்கிறது?"

"இந்தக் கேள்விக்கு விதிகளில் இடமில்லை," என்றது அவைக்கணி.

ஜெசிந்தா மேடையை விட்டு இறங்கி அவள் எதிரே போய் நின்றாள்.

"என்னயக் கோவிச்சுக்கங்கக்கா."

சண்முகத்தாய் அவளைத் திட்டத்தான் போனாள். வாய் திறந்தது, வசவு வரவில்லை.

"மொத ஆளா வாயத் திறந்தது நீதானம்மா," என்றாள், தனக்கே கேட்காத குரலில். "உன்னய எப்படித் திட்ட?"