முகூர்த்தக் கட்டு

2094 பிப்ரவரி 11, வியாழக்கிழமை. அந்தமானுக்கு மேற்கே, கடலுக்கு அடியில், ஒன்பது ரிக்டர் அளவில் நிலம் பிளந்தது.

அன்று காலை நாகைக் கடற்கரையின் நெய்தல்நகரில், கடலைப் பார்த்த ஒரு கல்யாண மண்டபத்தில், அம்பலவாணன் தன் மகளின் கணுக்கால்களை மணவறையின் இரும்புத் தூணோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். பட்டுத் துண்டை நனைத்து முறுக்கினார். ஈரப் பட்டு அவிழாது. மேலே கூறைப்புடவையின் மடிப்பை இழுத்துவிட்டால் வெளியில் ஒன்றும் தெரியாது.

"இன்னும் இறுக்குங்கப்பா," என்றாள் தையல்நாயகி. "ஒத்திகைன்னா கொஞ்ச நேரம் இழுக்கும். பல்லைக் கடிச்சிக்கிறேன்."

ஒரு காலத்தில் கடல் உள்வாங்கியபோது மக்கள் மேட்டுக்கு ஓடவில்லை. செல்பேசியோடு கரைக்கு ஓடினார்கள். மனிதரின் புத்தியை நம்பிப் பயனில்லை என்று முடிவு செய்த அரசு, கடலோரத்தில் பிறக்கும் ஒவ்வொருவரின் தண்டுவடத்திலும் ஒரு நடைச்சில்லைப் பொருத்தியது. அலை உறுதியானதும் சில்லு கால்களைத் தன்வசம் எடுத்துக்கொள்ளும். சோறு தின்றுகொண்டிருந்தாலும் சண்டை போட்டுக்கொண்டிருந்தாலும் கால்கள் எழுந்து மேட்டு நிலையத்துக்கு நடந்துவிடும். வீண் பீதி எதற்கு என்று சங்கொலியையும் நிறுத்திவிட்டார்கள்.

மாதந்தோறும் ஒத்திகை நடந்தது. கூட்டத்தின் நடுவே கால்கள் எழுந்து போவதைப் பெரிய மனிதர்கள் கௌரவக் குறைவாக நினைத்தார்கள். சிபாரிசு பிடித்து விலக்கு வாங்கினார்கள். அவர்களுக்குக் காதுக்குள் எச்சரிக்கை வரும் என்று ஏற்பாடு. அதையும் தொந்தரவென்று அணைத்துவைத்தார்கள். ஊரே எழுந்து நடக்கும்போது உட்கார்ந்திருப்பதுதான் அந்தஸ்து என்றாகிவிட்டது. மற்றவர்களுக்கு நடையர் என்று பெயர்.

அம்பலவாணனுக்கு அரசுப் பதவியின் பேரில் விலக்கு உண்டு. மகளுக்குக் கிடைக்கவில்லை. மாப்பிள்ளையின் தகப்பனார் கனகசபாபதி பெண் பார்க்க வந்தபோது கேட்ட முதல் கேள்வியே அதுதான். கிடைத்துவிட்டது என்று அம்பலவாணன் சொல்லிவிட்டார். அன்று தொடங்கிய பயம், இன்று தாலி ஏறும்வரை ஒத்திகை வரக்கூடாதே என்ற ஒரே பிரார்த்தனையாக நெஞ்சில் அடைத்திருந்தது.

மண்டபத்து விளக்குகள் லேசாக ஆடின. தவில் சத்தம் என்று நினைத்தார்கள். நெடுநேரம் கழித்து, மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கும் சமயத்தில், தவில்காரர் தவிலோடு எழுந்தார். நாதஸ்வரக்காரர் எழுந்தார். பரிமாறுபவர்கள் வாளிகளைப் போட்டுவிட்டு வாசலை நோக்கித் திரும்பினார்கள். மந்திரம் சொல்லும் இயந்திரம் மட்டும் நிற்காமல் சொல்லிக்கொண்டிருந்தது.

"நடையரெல்லாம் கிளம்பிட்டாங்க," என்று கனகசபாபதி சிரித்தார். "நம்ம பக்கம் ஒருத்தர் அசையணுமே? ஆமா சம்பந்தி, உங்களுக்கு ஏன் இப்படி வேர்த்து வடியுது?"

அம்பலவாணன் மகளைப் பார்த்தார். அவள் முகம் வெளிறியிருந்தது. புடவைக்குள் முழங்கால்கள் துடித்தன. மணவறைத் தூண் மெல்ல முனகியது.

அப்போது சமையற்காரர் மரியதாஸ் கரண்டியும் கையுமாக அவரைக் கடந்து ஓடினார். கால்கள் வாசலை நோக்கி ஓட, முகம் மட்டும் பின்னால் திரும்பியிருந்தது.

"ஐயா, ஒத்திகைன்னா நடக்கும். இன்னைக்கு ஓடுது. நிக்க மாட்டேங்குதுய்யா."

சன்னலுக்கு வெளியே கடல் இருந்த இடத்தில் சேறு இருந்தது. படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. விருந்தினர்கள் படமெடுக்கச் சன்னலுக்குப் போனார்கள்.

அம்பலவாணனும் அந்தச் சேற்றைப் பார்த்தார். ஆனாலும் குனியவில்லை. குனிந்தால் எல்லாம் வெளிப்பட்டுவிடும். இன்னும் மூன்று முடிச்சுத்தானே என்று ஒரு கணம் நினைத்தார். பிறகு அந்த நினைப்பே அவரைப் பயமுறுத்தியது.

"அப்பா," என்றாள் அவள் மெதுவாக. "எலும்பு ஒடியுது."

அவர் மணவறையில் மண்டியிட்டுப் புடவையை விலக்கினார். கால்கள் இழுத்த இழுப்பில் பட்டு சதைக்குள் புதைந்திருந்தது. விரல் நுழையவில்லை. பல்லால் கடித்தார்.

"என்ன சம்பந்தி இது?"

"விலக்கு இல்லீங்க. பொய் சொன்னேன். எல்லாரும் எந்திரிங்க, நெசமாவே அலை வருது."

கனகசபாபதி எழவில்லை. சபையைப் பார்த்து, நடையர் வீட்டில் சம்பந்தம் பேசிவிட்டோமே என்றார். கட்டு அறுந்தது. தையல்நாயகியின் கால்கள் அவளைத் தூக்கிக்கொண்டு கிளம்பின. வாங்க என்று மாப்பிள்ளையின் கையைப் பிடித்தாள். அவன் தகப்பனாரின் முகத்தைப் பார்த்தான், கையை விடுவித்துக்கொண்டான்.

அம்பலவாணன் அவள் பின்னால் ஓடினார். அவருடைய கால்களை ஓட்ட யாரும் இல்லை. மூச்சு வாங்கியது. மாலையோடு அவள் தெருமுனையில் திரும்பியதைப் பார்த்தார். பின்னால் ஓர் இரைச்சல் எழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

தையல்நாயகி மேட்டு நிலையத்தை அடைந்தாள். மரியதாஸும் தவில்காரரும் அடைந்தார்கள். மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. அம்பலவாணனின் உடல் கிடைக்கவில்லை.

பணியிலிருக்கும்போது இறந்தவராக அவரைக் கருதி, வாரிசான மகளுக்குக் கருணை அடிப்படையில் அரசு விலக்கு வழங்கியது. அவள் பெற்றுக்கொண்டாள். அடுத்த தையில் அவளுக்கு நல்ல இடத்தில் திருமணம் நடந்தது. முகூர்த்த நேரத்தில் தவில்காரர் எழுந்து போனார். மணவறையில் யாரும் எழுந்திருக்கவில்லை.