மூன்று கால் பூனை

காலையில் எழுந்ததும் ஜெசிந்தா செய்யும் முதல் வேலை, தொங்கும் சாக்கில் முகத்தைப் பதிப்பது. சாக்குக்கு அந்தப் பக்கம் கறைமானி இருந்தது. அந்தக் கருவியின் உருவம்கூட அவள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் சாக்கு. கண்ணுக்கு நேராக இரண்டு சின்ன ஓட்டைகள் மட்டும், அவற்றில் வெளிச்சம் தவிர எதுவும் தெரியாது. கருவி அவள் கருவிழியைத் துழாவி முடித்து, சோதனைக்காரர் கோமதிநாயகம் "சுத்தம்" என்று சொன்ன பிறகுதான் தேங்காய்ச் சிரட்டையில் காப்பி வரும். தம்ளர் கிடையாது. தம்ளரை வடிவமைத்தது வார்ப்பி.

வார்ப்பி வடிவமைக்காத பொருளென்று வெளியுலகில் எதுவும் மிச்சமில்லை. சேலைக் கரையிலிருந்து மேம்பாலம் வரை எல்லாம் அந்த எந்திரத்தின் கைவண்ணம். ஆரம்பத்தில் ஊரே வாயைப் பிளந்தது. நாளாக ஆக, தான் வரைந்ததையே பார்த்துப் பார்த்து அது வரையத் தொடங்கியது. நாற்காலியும் பாலமும் ஒரே சாயலுக்கு வந்தன. போதாக்குறைக்குப் பாலங்கள் எல்லாம் ஒரே இடத்தில் விரிசல் விட்டன. எந்திரத்துக்கும் அகத்தூண்டல் வேண்டும், அதைக் கொடுக்க அதன் வேலைப்பாடு படியாத மனிதக் கண் வேண்டும் என்று அப்போதுதான் மேலிடத்துக்கு உறைத்தது. அப்படிப்பட்டவர்களுக்குப் 'புதுக்கண்' என்று பெயர் சூட்டி, தூத்துக்குடி உப்பளத்து நடுவே மண்சுவர் எழுப்பிக் குடியமர்த்தினார்கள்.

புதுக்கண்ணின் வேலை பார்ப்பது. ஜெசிந்தா வரப்பில் உட்கார்ந்து, உப்பு பூப்பதையும் உள்ளான் குருவி சேற்றைக் கிளறுவதையும் பார்ப்பாள். கண்ணுக்குள் ஒட்டியிருக்கும் விழிவில்லை, அவள் பார்வை எதில் லயித்து நிற்கிறதோ அதை வார்ப்பிக்கு அனுப்பிவிடும். கண்ணை மூடினால் ஒன்றும் போகாது. கேட்கச் சொகுசான உத்தியோகம்தான். உப்பு வெயிலில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தால் தெரியும் அந்தச் சொகுசு.

அவள் சகித்துக்கொண்டது மகள் பெர்சிக்காக. பெர்சி இடக்கை இல்லாமல் பிறந்தவள். நரம்போடு இணையும் செயற்கைக் கையை வார்ப்பி அவளுக்குச் செய்து கொடுத்திருந்தது. பிள்ளை வளர வளரக் கையையும் மாற்ற வேண்டும். தாயின் கண் சுத்தமாக இருக்கும் வரை புதுக் கை வரும். கறை படிந்தால் வராது, இருப்பதையும் கழற்றிக்கொள்வார்கள். ஒப்பந்தம் அப்படி.

அந்தக் கையும் வார்ப்பியின் பொருள்தானே! ஆகவே அதைப் பொருத்திய நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வரும்போது ஜெசிந்தா கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்து மாதக்கணக்காகிவிட்டது. குரலையும் தலையில் தேய்த்த எண்ணெய் வாசனையையும் வைத்துக்கொண்டு ஒரு தாய் எத்தனை நாள் ஓட்டுவாள்?

அந்த ஞாயிறு பெர்சி கால் தரையில் பாவாமல் வந்தாள்.

"எம்மா, எங்கையில ஒண்ணு வரைஞ்சிருக்கேன். காம்பஸ் முள்ளால கீறி. கிளாஸ்ல இன்னும் எட்டுப் புள்ளைங்களுக்கு இந்த மாதிரி கை இருக்கு, எல்லாம் ஒரே கை. இப்ப எங்கை மட்டும் வேற."

"என்னட்டி வரைஞ்ச?"

"பூனை. மூணு காலு. நாலாவது போடுதப்ப பக்கத்து பெஞ்சு பென்னி தட்டிவிட்டுட்டான். ஆனா அதுதாம்மா நல்லாருக்கு. நொண்டிக்கிட்டு ஓடுத மாதிரி." குரல் தாழ்ந்தது. "ஒரே ஒருவாட்டி பாரேம்மா. யாரும் இல்ல."

"கண்ணு கெட்டா கை போயிரும்ட்டி. தெரியும்லா?"

"தெரியும்," என்றாள் பெர்சி. அதற்கு மேல் கேட்கவில்லை. கெஞ்சியிருந்தால் ஜெசிந்தா மறுத்திருப்பாள். அந்தப் பேசாமைதான் அவளைக் கவிழ்த்தது. கண்கட்டை ஒரு விரலால் நெற்றிக்கு ஏற்றினாள்.

முதலில் முகம். முன்பல் ஒன்று விழுந்திருந்தது, அது அவளுக்குத் தெரியவே தெரியாது. பிறகு உள்ளங்கையில் கோணல்மாணலாக அந்தப் பூனை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வர, கண்கட்டை இறக்கிவிட்டாள்.

மறுநாள் காலை சாக்கில் முகத்தைப் பதித்தாள். கறைமானி வழக்கத்தைவிட அதிக நேரம் துழாவியது போலிருந்தது. கோமதிநாயகத்திடமிருந்து "சுத்தம்" வரவில்லை.

"என்ன அண்ணாச்சி?"

"பேசாதம்மா. முகம் ஆடுது."

பிள்ளையின் தோளிலிருந்து கையைக் கழற்றுவது எப்படி இருக்கும் என்று அவள் மனம் வேண்டாததையெல்லாம் நினைத்தது. வலிக்குமா? மயக்க மருந்து கொடுப்பார்களா?

"சுத்தம்," என்றார் கோமதிநாயகம். அவளுக்குப் போன உயிர் வந்தது. "சுத்தம் மட்டுமில்ல ஜெசிந்தாம்மா, நேத்து எதப் பாத்த? வார்ப்பி கூத்தாடுதாம். இப்படி ஒரு கோடு அதுக்குக் கிடைச்சு வருசக்கணக்காச்சாம்."

"உள்ளானத்தான் பாத்தேன், அண்ணாச்சி."

கறைமானி தேடியது வார்ப்பியின் வழவழப்பான வளைவுகளை. அவள் கண் அந்தக் கையின் வளைவில் நிற்கவே இல்லை. பிள்ளையின் கீறலில் போய் நின்றது. அன்று முழுக்க அவள் வரப்பில் உட்கார்ந்து தன்பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். எல்லோரையும் ஏமாற்றிவிட்ட பூரிப்பு!

அடுத்த ஞாயிறு பெர்சி ஓடி வரவில்லை. நடந்து வந்து, தள்ளி உட்கார்ந்தாள்.

"என்னட்டி, உடம்புக்கு ஏதும் செய்யுதா?"

"எல்லாத்துலயும் என் பூனை வந்துட்டும்மா." குரல் கம்மியது. "தண்ணி பாட்டில்ல, பெஞ்சுல, டீச்சர் சேலையில. மத்த புள்ளைங்க எட்டுப் பேருக்கும் புதுக் கை வந்திருக்கு. உள்ளங்கையில பூனையோட. மூணு காலு. நான்தான் அதப் பாத்து வரைஞ்சேன்னு பென்னி சொல்லுதான். அவன் தட்டிவிட்டுத்தானம்மா அந்தக் காலே இல்லாமப் போச்சு!"

ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் விளங்கியது. பிள்ளைக்கென்று உலகத்தில் இருந்த ஒரே பொருள் அது. அதைத் திருடியது தன் கண். ஆசையாகப் பார்த்ததுதான் திருட்டு.

"நீ பாக்கலதான?" என்றாள் பெர்சி.

"நான்..." என்று தொடங்கினாள் ஜெசிந்தா.

"எனக்குத் தெரியும்மா. கட்டு அசைஞ்சிச்சு. அது நெத்தி அரிச்சிருக்கும். கண்ணு கெட்டிருந்தா எங்கை போயிருக்கும்லா? உனக்கு மட்டும்தான் இன்னும் காட்டல." பிள்ளை நெருங்கி வந்து உட்கார்ந்தாள். "அதான் வேற ஒண்ணு கீறியிருக்கேன். விரலுக்கு உள்பக்கமா, மடக்கினா தெரியாது. உனக்கு மட்டும் காட்டுதேன். கண்ணுக் கட்ட அவுத்துரு."

ஜெசிந்தாவின் கை முடிச்சுக்குப் போனது. அந்த முகத்தை, விழுந்த பல்லுக்குப் பதில் முளைத்திருக்கக்கூடிய குருத்தை, எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. யாரும் தடுக்கவில்லை. கறைமானியும் கண்டுபிடிக்காது.

முடிச்சை இறுக்கி, அதன்மேல் இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

"அவுக்கமாட்டேன்ட்டி. எங்கண்ணுக்கு எப்பவும் காட்டிராத, நான் கெஞ்சினாலும் சரி. கையக் குடு, தடவிப் பாக்குதேன்."

சில்லென்ற விரல் ஒன்று அவள் உள்ளங்கைக்குள் வந்தது. நுனியால் கீறலைத் தேடிப் பிடித்தாள். ஒரு வட்டம். இரண்டு பக்கமும் காது, காதில் தோடு. கண் இருக்க வேண்டிய இடத்தில் கண் இல்லை. குறுக்காக ஒரு பட்டைக் கோடு, பின்னால் முடிச்சோடு.

"யாருன்னு தெரியுதா?" என்றாள் பெர்சி.

"தெரியுதுட்டி," என்றாள் ஜெசிந்தா.