சிவப்பு வாளியில் யார்?

ரிஷிக்கு வயது நான்கு. அம்மா புத்தகம் படித்துக் காட்டினால் அவனுக்குப் பிடிக்காது. அம்மாவின் தவளை கத்தவே கத்தாது. அக்கா குமுதா படித்தால் தவளை தொண்டை கிழியக் கத்தும்.

குமுதா பள்ளி நூலகத்திலிருந்து ஒரு குளத்துப் படப் புத்தகம் கொண்டுவந்திருந்தாள். இருவரும் தினமும் அதைப் பார்த்தார்கள். ஒருநாள் ரிஷி அவளைப் பால்கனிக்கு இழுத்துப்போனான்.

"அக்கா, என் தவளைக் குட்டிங்க!"

போன வாரம் அவர்கள் குடியிருக்கும் சுங்கை பூலோவில் குழாய்த் தண்ணீர் இல்லை. வீட்டில் இருக்கிற வாளியிலெல்லாம் அம்மா தண்ணீர் பிடித்து வைத்திருந்தார். தண்ணீர் திரும்ப வந்ததும் துணிக்கொடிக்குக் கீழே இருந்த சிவப்பு வாளியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். ரிஷி மட்டும் மறக்கவில்லை.

வாளிக்குள் குட்டிக் குட்டிப் புழுக்கள் நெளிந்தன. குமுதாவுக்குப் பகீரென்றது. லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்த டிங்கிக் காய்ச்சல் எச்சரிக்கைப் படத்தில் இதே புழுவைப் பார்த்திருக்கிறாள். கீழ்வீட்டு ஆன்டி இன்னும் அந்தக் காய்ச்சலோடு மருத்துவமனையில்தான் இருக்கிறார்.

அம்மா எட்டிப் பார்த்தார். "ஐயோ, கொசுப்புழு! தள்ளு, ஊத்திடுறேன்."

"வேணாம்!" ரிஷி வாளியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். "அக்காதான் சொன்னா, காலு முளைக்கும்னு!"

குமுதா யோசித்தாள். ஊற்றிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அதன்பிறகு அவள் படிக்கும் எதையாவது தம்பி நம்புவானா?

"அம்மா, கொஞ்சம் இருங்க லா. நான் பார்த்துக்கிறேன்."

"சீக்கிரம்!"

குமுதா புத்தகத்தை வாளி பக்கத்தில் விரித்தாள். "நீயே பாரு. தவளைக் குட்டிக்குத் தலை எப்படி இருக்கு?"

"குண்டா இருக்கு."

"இதுக்கு?"

ரிஷி மூக்கைத் துடைத்துக்கொண்டு குனிந்தான். "ஒல்லியா இருக்கு. இது ஏன் தலைகீழா தொங்குது?"

"வால் பக்கமா மூச்சு விடுது." குமுதா பக்கத்தைப் புரட்டினாள். அங்கே ஒல்லிப்புழு ஒன்று தலைகீழாகத் தொங்கியது. அதை விழுங்க ஒரு மீன் வாயைப் பிளந்திருந்தது.

ரிஷி படத்தைப் பார்த்தான். வாளியைப் பார்த்தான். மறுபடியும் படத்தைப் பார்த்தான்.

"இது கொசுவா?"

"ம். பெருசானா கடிக்கும்."

"என்னையுமா? நான் சோறெல்லாம் போட்டேனே!"

குமுதா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அப்போ நல்லா கொழுத்திருக்கும். பக்கத்து வீட்டுத் தம்புசாமி அங்கிள் மீனுக்குக் குடுப்போமா?"

ரிஷி உதட்டைப் பிதுக்கி யோசித்தான். "நான்தான் போடுவேன்."

"நீதான்."

குமுதா புழுக்களை வடித்து ஒரு கிண்ணத்தில் போட்டாள்.

"அடியே, அது என் டீ வடிகட்டி!" என்று அம்மா அலறினார்.

இருவரும் போய்த் தட்டியதும் தம்புசாமி அங்கிள் கதவைத் திறந்தார். "வாங்க பாஸ், என்ன கொண்டாந்தீங்க?"

"மீனுக்குச் சாப்பாடு," என்றான் ரிஷி. கிண்ணத்தைத் தொட்டியில் கவிழ்த்தான். கப்பி மீன்கள் பாய்ந்து வந்தன. கொஞ்ச நேரத்தில் ஒரு புழுகூட மிஞ்சவில்லை. ரிஷி கைதட்டிக் குதித்தான்.

அன்று இரவு புத்தகத்தை அவனே எடுத்து வந்து அக்கா மடியில் வைத்தான். தவளை வழக்கம்போலக் கத்தியது. குமுதாவுக்கு அப்போதுதான் நிம்மதி வந்தது.

மறுநாள் மாலை ரிஷியைக் காணவில்லை. புத்தகத்தையும் காணவில்லை. குமுதா வெளியே ஓடினாள். மாடி வராந்தாவில் அவன் புத்தகமும் கையுமாக ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தான்.

"ஆன்டி, உங்க வாளியைக் காட்டுங்க. தவளையா இருந்தா விட்டுடுறேன்!"