மூடியாச்சு

வெளியே வந்த இரண்டு பேருடைய பூட்ஸிலும் சேறு இல்லை.

தொட்டி வாயில் காவலுக்கு நின்ற பயல் அதைத்தான் முதலில் பார்த்தான். கப்பலின் பக்கவாட்டில், டெக்கிலிருந்து அடி வரைக்கும் கிணறு மாதிரி இறங்குகிற தண்ணீர்த் தொட்டி அது. சரக்கு இல்லாத கப்பல் கவிழாமல் இருக்க அதில் கடல் தண்ணீரை ரொப்புவார்கள். ரொப்புவதற்கு முன் துருவைப் பார்த்துவர சீஃப் ஆபீசரும், டெக் ஆட்களுக்குத் தலைவரான போசனும் இறங்கியிருந்தார்கள். உள்ளே கணுக்கால் புதையச் சேறு. இறங்குகிறவன் குட்டையில் புரண்ட எருமை மாதிரித்தான் ஏறி வருவான். இவர்களோ சலவைக்குப் போட்டு எடுத்தாற்போல் வந்து நின்றார்கள்.

"வந்துட்டீங்களா சார்?" என்றான். இருவரும் அவன் முகத்தையே பார்த்தார்கள்.

போசன் வாயை மூடத் தெரியாத மனுஷன். ஏணியில் கால் வைக்கும்போதுகூட, "காலேஜு, நான் வர்றதுக்குள்ள என் டீயில வாய வச்சே, வாயத் தைச்சுருவேன்" என்று மிரட்டிவிட்டுத்தான் இறங்கினார். இப்போது உதடு ஒட்டிப்போனவர் மாதிரி நின்றார்.

பயல் கேடட். இன்னும் ஆபீசர் ஆகாதவன். படிப்புச் செலவைக் கம்பெனி ஏற்றுக்கொண்டதாம். சும்மா ஏற்குமா எவனாவது? சீஃப் ஆபீசர் நல்ல வார்த்தை சொன்னால் பரீட்சைக்கு உட்காரலாம், இல்லாவிட்டால் அடுத்த துறைமுகத்தில் பெட்டியோடு இறங்க வேண்டியதுதான். இவன் ஆபீசரான பிறகுதான் அக்காவுக்குக் கல்யாணம் என்று அப்பா வேறு சொல்லிவிட்டார். ஒருத்தன் தோளில் எத்தனை பேர்தான் ஏறி உட்காருவார்கள்.

தொட்டி வாயில் நிற்பவனுக்கு இரண்டே சட்டம். என்ன சத்தம் கேட்டாலும் உள்ளே இறங்காதே, கெட்ட காற்று உன்னையும் சேர்த்து முடித்துவிடும். போனவர்களை எண்ணு, வந்தவர்களை எண்ணு. இரண்டு பேர் போனார்கள். இரண்டு பேர் வந்தார்கள். கணக்குச் சரி.

உச்சி வெயிலில் டெக் இரும்பு பூட்ஸைத் தாண்டிச் சுட்டது. ஆனால் அந்த வட்ட ஓட்டையிலிருந்து மட்டும் ஊறிப்போன துருவும் செத்த மீனும் கலந்த வாடையோடு ஈரக் குளிர் ஏறி வந்துகொண்டிருந்தது. அதோடு கூடவே, எங்கோ ஆழத்தில், சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிப் பிடுங்கி யாரோ நடக்கிற சத்தம். சளக். சளக்.

"காலேஜு! சாருக்குக் கால் மாட்டிக்கிச்சு. கயித்தப் போடுடா!"

போசனின் குரல். கீழேயிருந்து.

பக்கத்தில் நின்ற போசனைப் பார்த்தான். உதடு அசையவில்லை.

வாக்கிடாக்கி கரகரத்தது. கன்ட்ரோல் ரூமில் பம்ப் போடக் காத்திருந்த செகண்ட் ஆபீசர். "என்னடா, ரெண்டு பேரும் ஏறிட்டாங்களா?"

"ஏறிட்டாங்க சார். ஆனா... உள்ளயும் இருக்காங்க சார்."

"வெயில்ல மண்டை காஞ்சுருச்சா? ரெண்டு போச்சு, ரெண்டு வந்துச்சு. கூட்டல் கழித்தல் கூடத் தெரியாமயா கம்பெனி உன்னைப் படிக்க வைக்குது?"

"குரல் கேக்குது சார்."

"சீஃப் பக்கத்துலதான நிக்கிறாரு? அவருக்குக் கேக்குதா?"

பயல் சீஃபைப் பார்த்தான். அவர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்ல ஆட்டினார். தலையாட்டுவதை அப்போதுதான் கற்றுக்கொள்கிறவர் மாதிரி.

"மூடியாச்சா இல்லையா, ஒரே வார்த்தை சொல்லு. இல்லேன்னா ஊருக்கு டிக்கெட் போட்டுரலாமா?"

இரண்டு ஆள் சேர்ந்து நகர்த்துகிற இரும்பு மூடியைப் போசன் ஒரு கையால் தூக்கினார். பயல் குனிந்தான். அடியில் ஒரு டார்ச் வெளிச்சம் ஆடியது. அதன் பக்கத்தில் சேறு அப்பிய ஒரு முகம் அண்ணாந்து பார்த்தது.

போசனின் முகம்.

"மூடாதேடா காலேஜு!"

மூடி விழுந்தது. சீஃப் ஸ்பேனரை நீட்டினார். வாங்க மாட்டேன் என்றுதான் நினைத்தான். கை வாங்கிக்கொண்டது. நட்டை முடுக்கியது. அடுத்த நட்டு. அடுத்தது. அடியிலிருந்து இரும்பைத் தட்டுகிறார்கள். முழங்காலில் அதிர்ந்தது.

"மூடியாச்சு சார்," என்றது அவன் வாய்.

பம்ப் ஓடத் தொடங்கியது. டெக் நடுங்கியது.

"நிறுத்துங்க சார்!" என்று கத்தினான். வாக்கிடாக்கி கையில் இல்லை. குழந்தையிடமிருந்து பொம்மையை வாங்குவது போல் சீஃப் அதை எப்போதோ வாங்கியிருந்தார்.

தொட்டியில் தண்ணீர் ஏற ஏற, உள்ளே இருக்கிற காற்று டெக்கில் கொக்கி போல் வளைந்து நிற்கும் குழாய் வழியாக வெளியேறும். வெளியேறியது. முதலில் வாடை. பிறகு குரல்கள். இரண்டு குரல்கள். அழுகை. இவனைக் கூப்பிட்டு அழுகை.

இருவரும் குழாயிடம் போனார்கள். மண்டியிட்டார்கள். குழாயின் வாயில் வாயை வைத்தார்கள்.

தொண்டைகள் ஏறி இறங்கின. மடக். மடக்.

குரல்கள் தேய்ந்தன. தட்டல் நின்றது. குழாயில் தண்ணீர் கொப்பளித்தது.

போசன் எழுந்தார். புறங்கையால் வாயைத் துடைத்தார். திரும்பினார். முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"மூடாதேடா காலேஜு," என்றார்.

அதே குரல். முகம் முழுக்கச் சிரிப்பு.