சுடுதுப்பா

“புடுங்கிப் போட்டுருவேன் பாத்துக்க, வயரு, டெக்கு, அம்புட்டையும்—”

“புடுங்குங்க, புடுங்கின கையோட எனக்கும் ஒரு குழியத் தோண்டி—”

“ஏட்டி, பேச விடுதியா நீ? காலையிலருந்து எத்தன தடவ? பொட்டி கருகி நாறுது, ஒனக்கு மூக்கு இருக்கா இல்லையா?”

“தீப்பெட்டி ஆபீசுல மருந்து முக்குதாக, அந்த வாடை அது. நீங்க பேச்ச மாத்தாதிய. எம்புள்ள என்ன சொல்லுதான்? அத மட்டும் சொல்லிட்டு எங்கன வேணாலும் போங்க.”

வன்னியபெருமாள் டிவி பக்கம் திரும்பினார்.

நேற்றுவரை தயங்காமல் சொன்ன பதில்தான். “டீ வந்துட்டாலேன்னு பக்கத்து ஆள்ட்ட கேக்கான்.” அதைச் சொன்னதும் ராதாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் சிரிப்பாள், கேசட்டைப் பின்னால் சுற்றிவிட்டு மறுபடியும் போடுவாள். ஆனால் சற்று முன் திரையில் மகன் செண்பகராஜ் அதைச் சொல்லவில்லை. அவனுடைய மேலுதடும் கீழுதடும் ஒட்டி, பிரிந்தன. ‘டீ வந்துட்டாலே’ என்பதில் உதடு ஒட்டுகிற எழுத்தே கிடையாது.

அவருக்கு அது தெரியும். நூல் மில்லில் வேலை பார்த்தே தலை நரைத்த மனுசன். ரிங்பிரேம் மிஷின்கள் வரிசையாக ஓடுகிற இரைச்சலில் காதால் பேச்சுக் கேட்டவன் எவனும் இல்லை. எதிர்வரிசைக்காரனின் உதட்டைப் பார்த்தேதான் அவன் வீட்டுக் குழம்பிலிருந்து யூனியன் சண்டை வரைக்கும் தெரிந்துகொள்வார்கள். வேலையை விட்டு வரும்போது காது மந்தமாகியிருந்தது. அந்தப் படிப்பு மட்டும் கண்ணோடு வந்துவிட்டது.

“டீதான் கேக்கான்” என்றார், மனைவியின் முகத்தைப் பார்க்காமல்.

“அப்படிச் சொல்லுங்க.” அவள் டெக்கின் பொத்தானை அமுக்கினாள். கேசட் பின்னால் சுற்றியது.

செண்பகராஜ் பட்டாளத்தில், விமானத்தைச் சுடுகிற பீரங்கியில் இருந்தான். லாரிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற நாலு சக்கரப் பீரங்கி. குழலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு இருக்கை. ஒருவன் வலமும் இடமும் திருப்ப, இன்னொருவன் குழலை ஏற்றி இறக்க. இடப்பக்கத்து இருக்கையில் ஏற்றி இறக்குகிறவன் இவன். எங்கோ வடக்கே அவர்கள் இருந்த இடத்துக்குச் சண்டைப் படம் எடுக்க வந்தவர்கள் பீரங்கியோடு ஆட்களையும் கேட்டு வாங்கி, எதிரியின் உடுப்பைப் போட்டு உட்காரவைத்துவிட்டார்கள்.

“நம்ம பீரங்கி, நம்ம ஆளுக, ஆனா நாங்கதான் எதிரியாம்” என்று லீவில் வந்தபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான். “கதாநாயகன் பிளேன்ல வந்து குண்டப் போட்டு எங்களப் பொசுக்கிருவாம்மா.”

அந்த இந்திப் படம் தமிழ் பேசிக்கொண்டு கோவில்பட்டிக்கு வந்தது. மூன்று பேரும் போனார்கள். பீரங்கி தெரிந்தது, மகன் தெரிந்தான், வாயசைத்து ஏதோ சொன்னான், தீ வந்து மூடியது, கொட்டகையே விசிலடித்தது. ராதாமணி எழுந்துவிட்டாள். “எவம்லே அது? எம்புள்ள எரியுததுக்கா விசிலடிக்க?” முன்வரிசை திரும்பிப் பார்த்துச் சிரித்தது. செண்பகராஜ் அவள் கையைப் பிடித்து இழுத்தான். “உக்காரும்மா. இந்தா முழுசா இங்கன இருக்கேம்லா.”

“சரி, வாயசைச்சியே, என்னல சொன்ன?”

“அப்பாட்ட கேளு. அவியளுக்குத் தெரியாத உதடா?”

“டீ வந்துட்டாலேன்னு கேட்டிருக்கான், வேறென்ன” என்றார் வன்னியபெருமாள். மகன் தொடையில் தட்டிச் சிரித்தான். அதேதான்.

மறு வருசம் அதே பீரங்கியை இழுத்துக்கொண்டு போன லாரி மலைச்சரிவில் உருண்டு தீப்பிடித்தது. பெட்டி வந்தது. ஆணி அடித்த பெட்டி. திறக்க வேண்டாம் என்று கூட வந்த ஆட்கள் தணிந்த குரலில் சொன்னார்கள். முகம் பார்க்காமல் புதைத்த பிள்ளைக்காக ராதாமணி சோற்றைத் தொடாமல் கிடந்தாள். மூச்சு மட்டும் ஓடியது. அவளை எழுப்பியது பீரங்கிதான். ஜனவரி மாதம் டில்லி அணிவகுப்பை டிவியில் காட்டியபோது லாரிக்குப் பின்னால் அது உருண்டு போவதைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தாள். பிறகு செய்தியில் தேடினாள். கேபிளில் ஓடிய பழைய இங்கிலீஷ் சண்டைப் படங்களில் தேடினாள். “இந்தா, நம்ம பையன் பீரங்கி!” இருக்கையில் யாராரோ இருந்தார்கள். கடைசியில் கேசட் கடை மாரிராஜ் அந்தப் படத்தையே பதிந்து கொடுத்தான். அன்று இரண்டு கவளம் சாப்பிட்டாள். அந்தக் கேசட் ஓடுகிறவரை தன் பெண்டாட்டி பிழைத்துக் கிடப்பாள் என்று வன்னியபெருமாளுக்கு அன்றே தெரிந்துபோயிற்று.

வயரைப் பிடுங்குவேன் என்று கத்தியதற்கு மறுநாள் தண்ணி லாரி வந்து அவள் குடத்தோடு போன நேரத்தில் அவர் தனியாகப் போட்டார். வெளியே ஆடிக் காற்று. கரிசல் காட்டிலிருந்து புழுதியை வாரிக்கொண்டு வந்து கதவை அறைந்து, ஓட்டுச் சந்தில் நுழைந்து, அறைக்குள் மண் வாசனையும் வெயில் வாசனையுமாக நின்றது. அதற்கு அடியில், துணி கருகினால் வருமே, அந்த வாடை இருந்தது. தீப்பெட்டி ஆபீசுக்கு அன்று லீவு.

பீரங்கி வந்தது. மகன் வந்தான். உதடு ஒட்டியது.

அப்பா.

கண் மங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். கேசட் தேய்ந்துவிட்டது, கோடு கோடாக ஓடுகிறது, அதில் ஒட்டாத உதடும் ஒட்டினாற்போலத்தான் தெரியும். கிட்டே போய் உட்கார்ந்து மறுபடி போட்டார்.

சுடுதுப்பா.

மனசு உடனே ஒரு சமாதானம் தேடியது. பீரங்கிக்காரன் வேறென்ன சொல்வான்? சுடுது. பீரங்கி சுடுது. அப்பா பார்க்கட்டும் என்று பெருமையாகச் சொல்கிறான். அந்தச் சமாதானத்தோடு இன்னொரு தடவை போட்டபோதுதான் பார்த்தார், பீரங்கி சுடவில்லை. குழலை ஏற்றுகிற கைச்சக்கரத்தைப் பிடித்திருக்க வேண்டிய இரண்டு கைகளையும் மகன் மடியில் வைத்திருந்தான். ஏற்றிப் பிடிக்க ஆளில்லாமல் குழல் தலையைத் தொங்கப்போட்டிருந்தது. வானத்தில் வருகிற விமானத்தை அவன் பார்க்கவில்லை. நேராக இவரைப் பார்த்தான். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் பார்ப்பானே, அப்படி.

தீ மூடியது.

திரையைத் துடைத்தார். விரலில் கறுப்பு வந்தது. கரிசல் புழுதி என்றால் உதறினால் போய்விடும். இது போகவில்லை. பிசுபிசுவென்று ஒட்டியது.

கேசட் கடைக்குப் போனார்.

“என்ன அண்ணாச்சி, மூச்சு வாங்குது?” என்றான் மாரிராஜ்.

“அந்தப் படம் ஒங்கிட்ட இன்னொண்ணு இருக்காடே? பீரங்கி வாரத மட்டும் ஒரு தடவ போடு.”

“வீட்டுல தேய்ச்சது பத்தலையாக்கும்” என்று சொல்லிக்கொண்டே போட்டான்.

பீரங்கி வந்தது. வலப்பக்கத்து ஆள் இருந்தான். பின்னால் நின்று குண்டு நிரப்புகிற ஆட்கள் இருந்தார்கள். இடப்பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. தீ வந்து காலி இருக்கையை மூடியது.

“ஏ மாரிராஜ், எம்பையன் எங்கடே?”

“அந்தக் கூட்டத்துக்குள்ளதான் இருப்பான் அண்ணாச்சி. புகைக்குள்ள எவன் எண்ணிப் பாக்கான்? தண்ணி குடிக்கியளா?”

அவர் குடிக்கவில்லை. வெயிலில் நடந்து வரும்போது ஒன்று மட்டும் புரிந்தது. ஓடுகிற படம் எல்லாவற்றிலிருந்தும் பிள்ளை இறங்கி, தன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறான். ஆத்தா போடுகிற போதெல்லாம் அவனுக்குத் தீ வருகிறது. அவள் சாப்பிட உட்காருமுன் ஒரு தடவை. சாப்பிட்ட பின் ஒரு தடவை. தூக்கம் வராவிட்டால் எத்தனையோ.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது? உயிரோடு பார்க்கிறேன் என்று நினைத்து நீ இத்தனை நாளாக அவனை எரித்துக்கொண்டிருந்தாயடி என்றா? அதைக் கேட்டபின் அவள் இருப்பாளா? சொல்லாவிட்டால் அவன்?

வீட்டில் படம் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது.

“வாங்க, நல்ல நேரத்துலதான் வந்திய. உக்காருங்க.”

“போதும்டி. இன்னைக்கு நிறுத்திரு.”

“நீங்க பெத்தியளா, நான் பெத்தேனா?”

“ராதாமணி, நான் ஒண்ணு சொன்னாக் கேப்பியா? அவன் அங்கன நல்லா இல்லட்டி.”

அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பெட்டி வந்த நாள் மறுபடி வந்து நின்றது. “என்ன சொன்னான்? மறைக்காதிய. எம்புள்ள என்ன சொன்னான்?”

“ஒண்ணுமில்ல.”

“பெறகென்ன, நல்லா இல்லங்கிய?”

“டீ... டீதான் கேக்கான்.”

அவள் முகம் தெளிந்தது. திரை பக்கம் திரும்பிக்கொண்டாள். பீரங்கி வந்துவிட்டது.

மகனின் புருவம் இல்லை. போன தடவை இருந்தது. உடுப்பின் கழுத்துப்பட்டை கறுத்துச் சுருண்டிருந்தது. தீ இன்னும் வரவில்லை. அதற்குள் வாடை வந்துவிட்டது.

உதடு அசைந்தது. மெதுவாக. மில்லில் புது ஆளுக்குச் சொல்கிற மாதிரி, ஒவ்வோர் எழுத்தாக.

இன்னொரு தடவையாப்பா?

தீ.

ராதாமணியின் விரல் பொத்தானுக்குப் போனது. கேசட் சுற்றியது. தீ பின்வாங்கி, அவனை வெளியே விட்டது. உட்காரவைத்தது. முகம் காட்டியது.

வேண்டாம்ப்பா.

வன்னியபெருமாள் எழுந்தார். டெக்கின் வாய்க்குள் இரண்டு விரலைவிட்டு இழுத்தார். ஏதோ ஒடிந்தது. கறுப்பு நாடா சுருள் சுருளாக வெளியே வந்தது, கையைச் சுற்றியது, காலைச் சுற்றியது. கொதித்தது. விடவில்லை. அறுத்தார். இன்னும் அறுத்தார். ராதாமணி அலறியிருக்க வேண்டும். அவர் காதுக்கு எட்டவில்லை. சுவரில் இருந்த டிவி வயரைப் பிடித்துப் பிடுங்கினார்.

போய்விட்டான். பிள்ளையை அனுப்பிவிட்டோம். இனி அழலாம்.

கையில் பிளக். தரையில் நாடா.

முதுகில் வெளிச்சம்.

திரும்பினார்.

திரையில் தீ நின்றது. ஓடவில்லை, மறையவில்லை, அடுத்த காட்சி வரவில்லை. விமானமோ கதாநாயகனோ இல்லை. அதை முடித்துவைக்க எதுவும் மிச்சமில்லை. தீக்கு நடுவில் இடப்பக்கத்து இருக்கை. இருக்கையில் செண்பகராஜ். முடி எரிந்துகொண்டிருந்தது. முடிந்துபோகாமல் எரிந்துகொண்டிருந்தது. தோல் சுருண்டு, விரிந்து, மறுபடி சுருண்டது. கண் மட்டும் அப்பாவைவிட்டு அகலவில்லை.

உதடு ஒட்டியது. பிரிந்தது. ஒட்டியது. பிரிந்தது. ஒரே சொல். ஒரே சொல். ஒரே சொல்.

ராதாமணி திரைக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். கோபம் போயிருந்தது. பெட்டி வந்த நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் பார்க்காத ஒரு நிறைவு. அந்த வெளிச்சத்தில் அவளுக்கு வயதுகூடக் குறைந்தாற்போல இருந்தது. சூட்டில் முன்னெற்றி மயிர் பொசுங்கியதைக்கூட அவள் கவனிக்கவில்லை. கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து, அவன் கன்னம் இருந்த இடத்தைத் தடவினாள். அவள் உள்ளங்கைத் தோல் ஒட்டி, பிய்ந்து வந்தது. மறுபடி வைத்தாள்.

“பாத்தியளா, எம்புள்ள இன்னைக்குப் போகாம நிக்கான்” என்றாள். “இப்படியே இருக்கட்டும், என்ன?”